தினமும் போய்வர எந்தக் கார்? – ஜும்ஆ பயான்

நஹ்மதுஹூ வநுஸல்லீ அலா ரசூலிஹில் கரீம். அம்மா பஃது.

முதலில் எனக்கும் பிறகு உங்களுக்கும் தக்வாவைக் கொண்டு வஸிய்யத் செய்கிறேன்.

இந்த வாரம் நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு சகோதரர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அவருக்கு மதுரையில் வியாபாரம். பஜ்ர் தொழுதுவிட்டுக் கிளம்பினால் இஷாவுக்குத்தான் பேரையூர் திரும்புவார். பழைய கார் அடிக்கடி மக்கர் செய்கிறது, மாற்ற வேண்டும். இரண்டு கார் பார்த்து வைத்திருக்கிறார். ஒன்று எல்லோரும் ஓட்டுகிற சாதாரணக் கார், விலை 9 லட்சம். இன்னொன்று வெளிநாட்டுக் கம்பெனியின் சொகுசுக் கார், மணிக்கு 250 கிலோமீட்டர் வேகம் போகக்கூடியது, விலை 50 லட்சம். “ஹஜ்ரத், கடன் வாங்காமல் இரண்டில் எதையும் வாங்கும் வசதியை அல்லாஹ் தந்திருக்கிறான். மார்க்கம் என்ன சொல்கிறது?” என்றார்.

எனக்கு மிகவும் சந்தோஷம். காரை வாங்கிவிட்டு, சாவியை நீட்டி, “துஆ ஓதுங்க ஹஜ்ரத்” என்று சொல்பவர்கள் நிறையப் பேர். வாங்கும் முன் வந்து கேட்டவர் இவர்தான். அவரிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் இங்கே பேசுகிறேன். பெயரை மட்டும் கேட்காதீர்கள். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நான் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் வருகிற ஆள். பொறாமையில் பேசுகிறேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

முதல் விஷயம். விலை உயர்ந்த கார் ஹராம் என்று நான் சொல்லப் போவதில்லை. அப்படிச் சொல்ல எனக்கு அதிகாரமும் இல்லை. அந்நஹ்ல் அத்தியாயத்தின் 8-ஆவது வசனத்தை எடுத்துப் பாருங்கள். குதிரை, கோவேறு கழுதை, கழுதை ஆகியவற்றைப் படைத்ததற்கு அல்லாஹ் இரண்டு காரணம் சொல்கிறான். நீங்கள் ஏறிச் செல்வதற்கு என்பது ஒன்று. ஸீனத், அதாவது அலங்காரம் என்பது இரண்டாவது. நாம் அறியாத வாகனங்களையும் படைப்பான் என்ற கருத்தும் அந்த வசனத்திலேயே வருகிறது. பஸ், ரயில், விமானம், நாம் பேசிக்கொண்டிருக்கும் இந்தக் கார் எல்லாமே அதில் அடங்கிவிடும் என்று இக்காலத்து உலமாக்கள் விளக்கம் சொல்கிறார்கள். ஆகவே வாகனம் பார்வைக்கு அழகாக இருப்பதில் குற்றம் இல்லை. ஆனால் வரிசையைக் கவனியுங்கள். சவாரி முன்னால் வருகிறது, அலங்காரம் பின்னால் வருகிறது.

ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அறிவிக்கும் ஒரு ஹதீஸ் இப்னு ஹிப்பானில் இருக்கிறது. மனிதனுடைய நற்பாக்கியத்தில் நான்கு விஷயங்களை நபி (ஸல்) அவர்கள் சேர்த்தார்கள். ஸாலிஹான மனைவி, விசாலமான வீடு, நல்ல அண்டை வீட்டார், நான்காவதாக ‘அல் மர்கபுல் ஹனீ’. மர்கப் என்றால் வாகனம். ஹனீ என்றால் சிரமம் தராதது, சுகமானது. விலை கூடியது என்று அதற்கு அர்த்தம் இல்லை, வேகமானது என்றும் இல்லை. காலையில் சாவியைப் போட்டதும் கிளம்ப வேண்டும், வழியில் நின்று மானத்தை வாங்கக் கூடாது, இறங்கும்போது முதுகு வலிக்கக் கூடாது. மோசமான வாகனத்தை துர்பாக்கியங்களில் ஒன்றாகவும் அதே ஹதீஸ் எண்ணுகிறது. ஆகவே பழைய காரை மாற்ற வேண்டும் என்று அந்தச் சகோதரர் நினைத்தது சரிதான். தினமும் 100 கிலோமீட்டர் போய்வருகிற மனிதன் ஓட்டைக் காரில்தான் போக வேண்டும் என்று மார்க்கம் சொல்லவில்லை.

இப்போது நம்முடைய ரோட்டுக்கு வாருங்கள். பேரையூரிலிருந்து டி.கல்லுப்பட்டி, அங்கிருந்து திருமங்கலம், கப்பலூர், பிறகு மதுரை. வழியில் வேகத்தடைகள் இருக்கின்றன. சாலை விதிப்படி வேகத்தடையின் உயரம் 10 சென்டிமீட்டர். நம் பக்கத்து ஊர்களில் போடுகிறவர்கள் அளவுகோலை வைத்துக்கொண்டா போடுகிறார்கள்? வேகத்துக்கென்று செய்த கார்கள் தரையோடு தாழ்ந்து கிடக்கும். ஒவ்வொரு தடையிலும் அடிவயிறு உரசும். அறுவடைக் காலத்தில் பாதி ரோட்டில் தானியம் காயும், ஆடு குறுக்கே வரும். மதுரைக்குள் நுழைந்துவிட்டால் 9 லட்சம் காரும் 50 லட்சம் காரும் ஒரே ஷேர் ஆட்டோவுக்குப் பின்னால்தான் நிற்கும். 250 கிலோமீட்டர் வேகம் என்கிறோமே, அதில் பாதியைத் தொடுவதற்குக்கூட நம் நாட்டில் சட்டம் இடம் தரவில்லை. அந்த வேகம் வண்டிக்குள் சும்மா உட்கார்ந்திருக்கும். நீங்கள் அதற்குப் பணம் கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

வேகமான வாகனமே கூடாதா? அதுவும் இல்லை. நபி (ஸல்) அவர்களிடம் அள்பா என்றொரு ஒட்டகம் இருந்தது. ஓட்டத்தில் அதை எதுவும் முந்தியதில்லை. கஸ்வாவும் அதுவும் ஒன்றா வேறா என்பதில் ஆலிம்களிடையே பேச்சு உண்டு, அதற்குள் இப்போது போக வேண்டாம். ஒரு நாள் ஒரு கிராமத்து அரபி இளம் ஒட்டகத்தில் வந்து அதை முந்திவிட்டார். ஸஹாபாக்களுக்கு அது பெரிய வருத்தமாகிவிட்டது. அவர்களின் முகத்தைப் பார்த்த நபி (ஸல்) அவர்கள், உலகத்தில் உயர்ந்து நிற்கிற எதையும் அல்லாஹ் ஒரு நாள் தாழ்த்தியே தீருவான் என்ற பொருளில் சொன்னார்கள். புகாரியில் அனஸ் (ரலி) வழியாக வருகிற செய்தி இது. இந்த வருடம் ஊரிலேயே வேகமான கார் உங்களுடையது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வருடம் அதே கம்பெனியே அதைவிட வேகமான ஒன்றை விற்கும்.

குதிரைப் பந்தயமும் நபி (ஸல்) காலத்தில் நடந்திருக்கிறது. பயிற்சி கொடுத்த குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் விதாஃ வரை, பயிற்சி இல்லாதவற்றுக்கு அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை என்று தூரத்தைப் பிரித்து வைத்தார்கள். வேகத்துக்கு ஒரு மைதானம் இருந்தது, எல்லை இருந்தது. ஆனால் மக்கள் கூட்டமாகப் போகிற பாதையில் அவர்கள் எப்படி ஓட்டினார்கள்? ஹஜ்ஜில் அரஃபாவிலிருந்து திரும்பும்போது, கஸ்வாவின் தலை சேணத்தில் முட்டும் அளவுக்குக் கயிற்றை இழுத்துப் பிடித்தார்கள் என்று ஜாபிர் (ரலி) சொல்கிறார்கள். பின்னால் ஒட்டகங்களை விரட்டும் சத்தம் கேட்டபோது சாட்டையால் சைகை காட்டி, நிதானமாக வாருங்கள், விரைந்து ஓட்டுவதில் நன்மை இல்லை என்று அறிவுறுத்தினார்கள். தன்னிடம் இருப்பதிலேயே நல்ல ஒட்டகத்தின் மீது ஏறிக்கொண்டு கயிற்றை இழுத்துப் பிடித்தவர் நம் நபி (ஸல்). நம் பிள்ளைகள் ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டு ஸலவாத் சொல்கிறார்கள்.

சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022-இல் மட்டும் இந்தியாவில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அந்த மரணங்களில் 71 சதவீதம் அதிவேகத்தால் வந்தவை. அந்த ஆண்டு நாட்டிலேயே அதிக விபத்து நடந்த மாநிலம் நம் தமிழ்நாடு, 64,105 விபத்துகள். 2024 மே 19 அதிகாலையில் புனே கல்யாணி நகரில் நடந்ததை நீங்கள் செய்தியில் பார்த்திருப்பீர்கள். போர்ஷே கார் மோதி, பைக்கில் போன இரண்டு இளம் மென்பொருள் பொறியாளர்கள் அங்கேயே இறந்தார்கள். ஓட்டியது 17 வயதுப் பையன் என்பது வழக்கு. விபத்தைப் பற்றி 300 வார்த்தையில் கட்டுரை எழுது என்ற நிபந்தனையோடு அவனுக்கு முதலில் ஜாமீன் கிடைத்து, நாடே கொதித்தது. பிறகு ஒரு செய்தி வந்தது. 1,758 ரூபாய் கட்டணம் கட்டாததால் அந்தக் கார் பதிவே செய்யப்படாமல் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. கோடி ரூபாய் வண்டி, ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு நேரமில்லை! எனக்கு அந்தப் பையன் மீது வந்த கோபத்தைவிட, சாவியை அவன் கையில் கிடைக்கும்படி வைத்த பெரியவர்கள் மீதுதான் கோபம் வந்தது. வாப்பாமார்களே, வாகனம் ஒரு அமானத். லைசென்ஸ் இல்லாத பிள்ளையிடம் பைக் சாவியைக் கொடுக்கிறவருக்கும் இதில் பங்கு இருக்கிறது.

இனி உமர் (ரலி) அவர்களின் ஒரு சம்பவம். இன்றைய கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான சம்பவம் எனக்குத் தெரியவில்லை. இப்னு கஸீர் (ரஹ்) தமது வரலாற்று நூலில் எழுதுகிறார்கள். கலீஃபா உமர் (ரலி) ஷாம் தேசத்துக்கு வந்தபோது அவர்கள் ஏறிக்கொள்ள ஒரு பிர்தவ்ன் கொண்டுவரப்பட்டது. அரபுக் குதிரை அல்ல, வெளிநாட்டு ஜாதிக் குதிரை. அன்றைய இறக்குமதி வண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறினார்கள். அது நிமிர்ந்து, குலுங்கி, ஒய்யாரமாக நடக்க ஆரம்பித்தது. உடனே இறங்கிவிட்டார்கள். இந்த நடையை இதற்குக் கற்றுக்கொடுத்தவன் யார், இது பெருமையின் நடையல்லவா என்று கடிந்துகொண்டார்கள். அதற்கு முன்னும் பின்னும் அவர்கள் பிர்தவ்னில் ஏறியதே இல்லை.

அவர்கள் நினைத்திருந்தால் அன்று எந்தக் குதிரையும் கிடைத்திருக்கும். ரோம், பாரசீகம் இரண்டும் பின்வாங்கிக்கொண்டிருந்த காலம். அந்தக் குதிரை ஹராம் என்று ஃபத்வா கொடுத்து அவர்கள் இறங்கவில்லை. மற்றவர்கள் ஏறக் கூடாது என்றும் தடை போடவில்லை. அதன் நடையில் பெருமையைப் பார்த்தார்கள், அது தன்னையும் தொற்றுவதற்கு முன் இறங்கிவிட்டார்கள். ஷோரூமில் டெஸ்ட் டிரைவ் கொடுக்கிறார்களே, அப்போது வண்டி எப்படி இருக்கிறது என்றுதான் பார்க்கிறோம். வண்டிக்குள் நாம் எப்படி மாறுகிறோம் என்று ஒருவரும் பார்ப்பதில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டு, பஸ் ஸ்டாப்பில் நிற்கும் நம் உறவினரைப் பார்க்காத மாதிரி கடந்து போக மனம் வருகிறதா? முன்னால் போகிற மாட்டுவண்டிக்காரரிடம் ஹாரனை அலறவிடத் தோன்றுகிறதா? கிப்ர் என்றால் சத்தியத்தை மறுப்பதும் மனிதர்களை இழிவாகப் பார்ப்பதும் என்றுதான் நபி (ஸல்) அவர்கள் விளக்கம் தந்தார்கள். நல்ல ஆடையும் நல்ல செருப்பும் விரும்புவது கிப்ரா என்று கேட்டவருக்கு அதே ஹதீஸில் இல்லை என்று பதில் கிடைத்தது. அழகான காரும் அதே கணக்குத்தான். ஸ்டியரிங்கைப் பிடித்ததும் சாலையில் இருப்பவர்கள் நம் கண்ணுக்குச் சிறுத்துப் போனால், அங்கேதான் ஆபத்து.

மௌலானா அஷ்ரஃப் அலீ தானவி (ரஹ்) அவர்கள் வீடு கட்டுவதைப் பற்றி நான்கு படி சொல்வார்கள். தங்குவதற்கான தேவை ஒரு படி, வசதி அடுத்த படி, அலங்காரம் மூன்றாவது படி. இந்த மூன்றும் ஆகும். நான்காவது நுமாயிஷ், அடுத்தவருக்குக் காட்டுவது. அது ஆகாது. இதைக் காருக்கு வையுங்கள். மழையில் நனையாமல் மதுரை போய்ச் சேருவது தேவை. ஏசி, நல்ல சீட், விபத்தில் உயிரைக் காக்கும் ஏர்பேக், வயதான உம்மா சிரமமில்லாமல் ஏறி இறங்கும் கதவு, இவை வசதி. பிடித்த நிறம் அலங்காரம். இவை எல்லாம் இன்று ஒரு சாதாரணக் காரிலேயே கிடைத்துவிடுகின்றன. அதற்கு மேல் 41 லட்சம் எந்தப் படிக்குப் போகிறது? அந்தச் சகோதரரிடம் இதைக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “மார்க்கெட்டில் ஒரு மதிப்பு இருக்கும் ஹஜ்ரத்” என்றார். உண்மையைச் சொன்னார், அல்லாஹ் அவருக்கு பரக்கத் செய்யட்டும்.

அவர் வியாபாரி. ஆகவே கணக்கையும் அவர் பாஷையிலேயே போட்டுக் காட்டினேன். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட ஆயுள் வரிப்படி 9 லட்சம் காருக்கு 13 சதவீதம், 1,17,000 ரூபாய். 20 லட்சத்துக்கு மேல் போனால் 20 சதவீதம். 50 லட்சம் காருக்கு 10 லட்சம் ரூபாய். வரி மட்டுமே முதல் காரின் விலையைத் தாண்டிவிட்டது. மாதம் 26 நாள் ஓட்டினால் 2,600 கிலோமீட்டர். ஒன்று லிட்டருக்கு 18 கொடுக்கிறது, இன்னொன்று 9 கொடுக்கிறது, பெட்ரோல் 100 ரூபாய் என்று வையுங்கள். மாதத்துக்கு ஏறத்தாழ 14,500 ரூபாய் கூடுதல் செலவு. நம் ஊரில் ஒரு குடும்பம் அதை வைத்து ஒரு மாதம் ஓட்டிவிடும்.

இன்னொரு கணக்கு இருக்கிறது, அதை யாரும் போடுவதில்லை. சொந்த உபயோகத்துக்கான வாகனத்துக்கு ஜகாத் இல்லை. ஒருவர் ஏறிச் செல்லும் குதிரைக்கு ஜகாத் இல்லை என்ற ஹதீஸிலிருந்து எடுத்த சட்டம் அது. 9 லட்சம் காரை வாங்கிவிட்டு மீதி 41 லட்சத்தைக் கையிலோ வியாபாரத்திலோ வைத்திருந்தால், வருடம் முடியும்போது அதற்கு 1,02,500 ரூபாய் ஜகாத் கடமையாகும். அந்தப் பணம் காராக மாறியவுடனே ஏழையின் பங்கு நின்றுவிட்டது. சட்டப்படி அவர் குற்றவாளி இல்லை. ஆனால் வருடா வருடம் ரமலானில் அவர் வாசலுக்கு வருகிற விதவைப் பெண்ணுக்கு இந்தச் சட்ட நுணுக்கம் எப்படிப் புரியும்?

கையில் காசில்லாமலே பெரிய காருக்கு ஆசைப்படும் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. 50 லட்சத்தை 9 சதவீத வட்டிக்கு 7 வருடக் கடனாக எடுத்தால் மாதத் தவணை சுமார் 80,400 ரூபாய். முடியும்போது வட்டி மட்டும் ஏறக்குறைய பதினேழரை லட்சம் கட்டியிருப்பீர்கள். சின்னக் காருக்கு வாங்குகிற வட்டிக் கடனும் அதே ஹராம்தான், தொகைதான் குறைவு. காசு சேரும் வரை பொறுத்திருங்கள். இல்லையென்றால் நல்ல நிலையில் உள்ள பழைய காரை, தெரிந்த மெக்கானிக்கை அழைத்துப்போய்ப் பார்த்து வாங்குங்கள். பழைய வண்டியில் போவதில் ஒரு அவமானமும் இல்லை. நம் மதுரை மாவட்டத்து தும்பைப்பட்டியில் பிறந்த கக்கன் இந்த மாநிலத்தின் உள்துறை அமைச்சராக இருந்தவர். பதவி போன பின் பஸ்ஸில் போனார், மதுரை அரசு மருத்துவமனையில் சாதாரண வார்டில் படுத்திருந்தார். அவர் எந்தக் காரில் போனார் என்று இன்று யாரும் கேட்பதில்லை.

காரூனின் சம்பவம் அல்கஸஸ் அத்தியாயத்தில் வருகிறது. அவன் தன் அலங்காரத்தோடு சமுதாயத்தின் முன்னால் ஊர்வலமாக வந்தபோது, பார்த்த மக்களில் ஒரு கூட்டம் நமக்கும் இப்படிக் கிடைக்காதா என்று ஏங்கியது. பூமி அவனை விழுங்கியதை எல்லோரும் பேசுவோம். அந்த ஏக்கத்தை உண்டாக்கியதும் அவன் கணக்கில்தான் சேரும் என்று எனக்குத் தோன்றும். நம் மஹல்லாவில் ஒரு பெரிய கார் வந்து நின்றால் என்ன நடக்கிறது? அடுத்த நிக்காஹ் பேச்சில் மாப்பிள்ளை வீட்டார் கேட்கிற கார் ஒரு படி ஏறிவிடுகிறது. கைக்கூலி வாங்க மாட்டோம் என்று மேடையில் சொல்கிறார்கள், “பொண்ணுக்கு நீங்க விரும்பிச் செய்யறதுதானே” என்று காரை வாங்கிக்கொள்கிறார்கள். பெண்ணைப் பெற்றவர் நிலத்தை விற்கிறார். அந்தப் பெரிய காரை முதலில் வாங்கியவர் ஹலாலான காசில்தான் வாங்கினார், வாஸ்தவம். தெருவில் அது என்ன செய்தது என்பதையும் அவர் பார்க்க வேண்டாமா?

குதிரை வைத்திருப்பவர்கள் மூன்று வகை என்று புகாரியில் ஒரு ஹதீஸ். ஒருவருக்கு அது நன்மை, ஒருவருக்குத் திரை, ஒருவருக்குப் பாவச் சுமை. பெருமைக்காகவும் பகட்டுக்காகவும் வைத்திருப்பவர் மூன்றாமவர். அல்லாஹ்வின் பாதைக்காக வைத்திருப்பவர் முதலாமவர். நடுவில் இருக்கிறாரே, அவர் நம்மைப் போன்றவர். பிறரிடம் கையேந்தாமல் வாழ்வதற்காக வாகனம் வைத்திருக்கிறார், அதன் கழுத்திலும் முதுகிலும் அல்லாஹ்வுக்கு உள்ள ஹக்கை மறக்காமல் இருக்கிறார். முதுகில் உள்ள ஹக் என்றால் என்ன? வாகனம் இல்லாத ஒருவரை ஏற்றிக்கொள்வதும் அதில் சேரும் என்று விரிவுரையாளர்கள் எழுதியிருக்கிறார்கள். ஒரு பயணத்தில் நபி (ஸல்) அவர்கள் கூடுதல் வாகனம் உள்ளவர் இல்லாதவருக்குக் கொடுக்கட்டும் என்று ஏவியதாக அபூ ஸயீத் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் முஸ்லிமில் இருக்கிறது.

நம் காரில் ஐந்து சீட். தினமும் மதுரைக்குப் போவது ஓட்டுகிற ஒருவர். நான்கு சீட் காலியாகவே 50 கிலோமீட்டர் போய், காலியாகவே திரும்புகிறது. அதே நேரத்தில் நம் தெருவில் டயாலிஸிஸுக்கும் கண் ஆபரேஷனுக்கும் மதுரை பெரியாஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் அதிகாலையில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறார்கள். வேகத்துக்காகச் செய்த சில கார்களில் பின்சீட் பெயருக்குத்தான் இருக்கும், ஒரு நோயாளியை அதில் உட்கார வைக்க முடியாது. இதையும் அந்தச் சகோதரரிடம் சொன்னேன். எதை வாங்குவது என்பது அவர் முடிவு, நான் வற்புறுத்தவில்லை. ஆனால் எந்தக் கார் வந்தாலும் வாரத்தில் இரண்டு நாள் பின்சீட்டை ஆஸ்பத்திரி போகிறவர்களுக்கு ஒதுக்குவதாக அவர் நிய்யத் வைத்திருக்கிறார்.

தினமும் மதுரை, திருமங்கலம் பக்கம் காரில் போய்வருகிறவர்கள் நம் ஜமாஅத்தில் இன்னும் சிலர் இருக்கிறீர்கள். எந்தெந்தக் கிழமை, எத்தனை மணிக்குக் கிளம்புவீர்கள், எத்தனை சீட் காலியாக இருக்கும் என்பதைத் தொழுகை முடிந்ததும் மோதினாரிடம் சொல்லிவிட்டுப் போங்கள், அவர் நோட்டில் எழுதிக்கொள்வார். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர்கள் முதல் நாள் இஷாவுக்குள் தகவல் சொன்னால் போதும். எந்த மதத்தவராக இருந்தாலும் நம் தெருவில் உள்ளவர்கள் கேட்கலாம். பெட்ரோலுக்குக் காசு யாரும் வாங்க வேண்டாம்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.